இன்றைக்கு எங்கள் வீட்டு முறை

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், அரசு பஸ் லாபத்தில் ஓட வேண்டுமா என்று பேச்சு வந்தது. எதிர் இலைக்காரர் என்னைக் கைகாட்டி, "இவரக் கேளுங்க, அந்த இலாகாவுலயே இருந்தவரு" என்றார். நான் ரசத்துக்கு இலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் இரண்டு தடவை பதில் எழுதியிருக்கிறேன். முதல் தடவை மதுரையில் எம்.ஏ. பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இரண்டாவது தடவை எழுதியதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு டெப்போவில் நான் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி. எந்த வண்டி எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்று பார்ப்பதும், தடங்களில் போய்வந்து அறிக்கை கொடுப்பதும் என் வேலை. பொருளாதாரம் படித்தவன் என்பதால் டெப்போவில் எனக்குத் தனி மரியாதை இருந்தது. எனக்கு என்மேல் இருந்த மரியாதை அதைவிட அதிகம்.

சின்னமனூருக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் ஒரு மானாவாரி ஊர். அதன் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. கடலை, பருத்தி, கொஞ்சம் முருங்கை, ஒரு கண்மாய். அந்த ஊருக்கு எங்கள் பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போய்வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள் சின்னமனூருக்கு வர வேண்டும். பையன்கள் சைக்கிளிலோ நடந்தோ வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளை அந்த ஓடைக்கரை முள்ளுக்காட்டு வழியாக இருட்டுகிற நேரத்தில் நடக்கவிட எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். பஸ் வந்த பிறகுதான் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒன்பதாவது வகுப்பின் வாசலையே பார்த்தார்கள்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் மாணவர் பாஸ். நடை ஒவ்வொன்றுக்கும் வசூல் என்ன என்று நாங்கள் பார்க்கும்போது, கண்டக்டர் கிழித்த டிக்கெட்டைத்தான் பார்ப்போம். பாஸ் வைத்திருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். ஆகவே பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றுகொண்டு வந்த வண்டி, டெப்போவுக்கு வந்து சேரும்போது காலி வண்டியாகிவிடும்.

எங்கள் கிளை மேலாளர் தேனி பஜாரில் தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கெட்டவர் இல்லை. டயருக்கும் டீசலுக்கும் மேலிடத்தில் திட்டு வாங்குகிறவர் அவர். "விக்காத சரக்க எத்தன நாளு அலமாரியில வச்சிருப்பீக? போயிப் பாத்துட்டு வாங்க" என்று என்னை அந்த ஊருக்கு அனுப்பினார்.

போனேன். ஊர் நடுவில் இருந்த மந்தையில் கூட்டம் கூடிவிட்டது. நான் ஜீப்பின் பக்கத்தில் நின்றபடி, வகுப்பெடுக்கிற தோரணையில் சொன்னேன்: "கலெக்ஷன் இருந்தா பஸ் இருக்கும். இல்லேன்னா எடுத்துருவாக. இதுல யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

பீடியோடு குத்தவைத்திருந்த ஒருவர் கேட்டார்: "தாலுகா ஆபீசுக்கு என்ன கலெக்ஷன் வருது சார்? அத எடுக்கலையே?"

"ஏலே, அங்கன கலெக்ஷன் இல்லேன்னு ஒனக்கு யாருடா சொன்னது?" என்று இன்னொருவர் சொல்ல, மந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்காமல் நின்றது ஒரு பெண் மட்டும். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முந்தானையிலும் கால்களிலும் செம்மண். "அப்ப டிக்கெட் வாங்குனாப் போதுமா சார்? பஸ்ஸு நிக்காதா?"

"வாங்குனாப் போதும்மா."

"இது பேச்சுத்தான? மாற மாட்டீகளே?"

"பேச்சுத்தான்" என்றேன். கிளம்பும் அவசரத்தில் சொன்னது. சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியதும் மறந்துபோனேன்.

ஐப்பசி பிறந்ததும் அந்தத் தடத்தில் வசூல் ஏறத் தொடங்கியது. பிரமாதமாக ஒன்றுமில்லை, ஆனால் தினமும் ஒரே சீராக ஏறியது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா, அந்த முள்ளுக்காட்டுக்குள்ள சினிமாக் கொட்டக எதுவும் தெறந்துட்டாகளா?"

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. ஒரு கண்டக்டர் காசைக் குறைத்துக் கட்டினால் எங்களுக்கு உடனே புரிந்துவிடும். கூடுதலாகக் கட்டினால் என்ன செய்வது என்று தெரியாது. அதோடு கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை போட்ட பக்தர்கள் குமுளிக்குச் சாரிசாரியாகப் போகிற காலம். குமுளித் தடத்தில் ஒரு வண்டி கூடுதலாக விட்டால் படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கும். எங்களிடம் உபரி வண்டி இல்லை. அந்த அடிவாரத்து வண்டியை எடுக்கலாம் என்று அவர் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தார். இந்த வசூல்தான் குறுக்கே நின்றது.

"நீங்களே ஒரு நாளு கூடப் போங்க. ஏறுறது நெசமான பாசஞ்சரான்னு எனக்குத் தெரியணும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஒங்க மதுர டிரான்ஸ்பர் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு. இது முடியட்டும், அனுப்பிருவோம்" என்றார். என் மனைவியும் கைக்குழந்தையும் மதுரையில் இருந்தார்கள். அதட்டாமல், அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை நடையில் நான் ஏறினேன். கண்டக்டர் தேவதானப்பட்டிக்காரர், வாய் ஓயாதவர். என்னைப் பார்த்ததும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார். ஊருக்குள் வண்டி திரும்பி நின்றதும் பிள்ளைகள் பின்பக்கமாக ஏறினார்கள். முன்பக்கம் பெரியவர்கள் சிலர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது. சந்தைக்குப் போகிறவர்கள் கையில் கூடை இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் பாட்டில் இருக்கும். இவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. கோயிலில் உட்காருவதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மந்தையில் கேள்வி கேட்ட பெண்ணும் அவர்களில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் டிக்கெட்டைக் கேட்டேன். சுருட்டி வைத்திருந்ததை விரித்துக் கொடுத்தாள்.

"சின்னமனூர்ல என்ன சோலி?"

"சோலியெல்லாம் ஒண்ணுமில்ல சார். இன்னைக்கு எங்க வீட்டு மொற."

எனக்குப் பின்னால் நின்ற கண்டக்டர் விசிலை எடுத்து வீணாக ஒரு ஊதல் ஊதினார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, போங்கண்ணே" என்றார் கண்டக்டர். அந்தப் பெண்ணைப் பார்த்து அவர் கண்ணைச் சுருக்குவதை நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"எந்த மொற?" என்றேன்.

"கம்மாத் தண்ணிக்கு வீட்டுக்கு வீடு மொற வச்சுத்தான பாய்ச்சுறோம், அது மாதிரி. தெனம் இத்தன வீட்டாளு காலையில ஏறிப் போயி சாயங்காலம் திரும்பி வரணும். மொற தப்புனா மந்தையில கேப்பாக. நீங்கதான சொன்னீக, டிக்கெட் வாங்குனாப் போதும்னு?"

பக்கத்து சீட்டுக் கிழவர் தலையை நீட்டி, "எனக்கு மொற நாளைக்குத்தான் சார். இன்னைக்கு மொறக்காரவுக வீட்டுல மாடு ஈனுது, அதான் மாத்தி வந்துருக்கேன்" என்று கணக்கு ஒப்புவித்தார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "காசக் குடுத்துட்டு வீட்டுல இருக்கலாமே? எதுக்கு நாளெல்லாம் அங்கன போயி உக்காரணும்?"

என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஆளு ஏறாம டிக்கெட் கிழிச்சா கண்டக்டர் தம்பி வேல போயிரும்ல? டிக்கெட்டுன்னா ஆளு உக்காந்து போகணும்ல சார்? கள்ளத்தனமாவா பஸ்ஸு ஓட்டுறது?"

அது கடலை பிடுங்குகிற நேரம். அன்றைக்குக் காட்டுக்குப் போயிருந்தால் கூலி கிடைத்திருக்கும். அதைக் கேட்டேன். "போனா உண்டு" என்றவள், மோவாயால் பின்பக்கம் காட்டினாள். "அந்தா, சன்னலோரம் பொஸ்தகத்த வச்சு மொணங்குதே, அது எம் புள்ள. எஸ்.எஸ்.எல்.சி. படிக்குது. பரிச்ச மட்டும் எழுதிட்டா டீச்சர் டிரெயினிங்கு சேத்துருவேன்னு அவுக டீச்சரே சொல்லிருக்காக. எந்தம்பி ஒருத்தன் இருக்கான், பொண்ணுக்குக் காத்துக்கிட்டு. பஸ்ஸு நின்னுச்சுன்னா அன்னைக்கே எங்காத்தா பரிசம் போடச் சொல்லிரும். அது வரைக்கும் நான் எத்தன மொறன்னாலும் வருவேன்."

பரிசோதகன் என்ற முறையில் பின்பக்கமும் போனேன். பிள்ளைகள் பாஸை நீட்டினார்கள். சன்னலோரத்துப் பெண், அம்மா பேசியதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். பாஸை என் கையில் கொடுத்தவள், நான் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை.

"இதையும் எழுதிக்கிறுவீகளா சார்?"

"ம்" என்றேன்.

"எங்க எல்லாரையும்?"

"ம்."

அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.

சின்னமனூர் பஸ் நிலையத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். முறைக்காரர்கள் ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். கடைக்குப் போகவில்லை; யாரையும் பார்க்கப் போகவில்லை. சாயங்கால நடைக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு பொட்டலத்தை அவிழ்த்துக் கம்பஞ்சோற்று உருண்டையை மற்றவர்களுக்குப் பிட்டுக் கொடுத்தாள். நான் டீ வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம் சார், அப்பறம் ஒங்களுக்குக் கெட்ட பேராயிரும்" என்றாள்.

கண்டக்டர் என்னை டீக்கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "சார், இத எழுதாதீக. என்ன தப்பு சார்? காசு குடுத்தாக, ஏறுனாக, எறங்குனாக. எங்கப்பன் செத்தாக்கூட இம்புட்டு ஒழுங்கா ஒரு கூட்டம் வராது சார்."

"பார்க்கலாம்" என்றேன். அந்தச் சொல்லை அதிகாரிகள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். டீயைப் பாதியில் கொட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மேலாளர் எனக்காகக் காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். "பாவமாத்தான்யா இருக்கு" என்றார். "ஆனா ஊரே சேந்து ஒரு கடைய நடத்தணும்னு அதுகளாவே வந்து சரக்கு வாங்குனா, அது யாவாரமா? சொல்லுங்க. நீங்க படிச்சவுக. நெசமான தேவ இருக்கா, இல்லையா? ஒரு வரி எழுதிக் குடுங்க. இருக்குன்னு எழுதுனா நான் கை வைக்கல."

இந்தக் கடைசி வார்த்தைகளை நான் பல வருடங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அவர் முடிவை என் கையில் கொடுத்தார். இருக்கிறது என்று எழுதியிருந்தால் அவர் முணுமுணுத்திருப்பார். மதுரை மாற்றல் கொஞ்சம் தாமதமாகியிருக்கும். வேறொன்றும் நடந்திருக்காது.

என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குமுளி வண்டி சம்பாதிப்பதில் ஒரு பங்கு இந்த வண்டியை ஓட்டத்தான். ஒரு தடத்தின் லாபமும் இன்னொன்றின் நஷ்டமும் சேர்ந்துதான் பொதுச் சேவை என்று பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்த ஊர்க்காரர்கள் அதைப் படிக்காமலே செய்து காட்டியிருந்தார்கள். தண்ணீர் தேவைப்படாத வீடும் தன் முறைக்கு மடை காக்கப் போவதைப் போல, பெண்பிள்ளை இல்லாத வீடும் முறைக்கு ஏறியது. அதற்கு மேல் தேவைக்கு என்ன சாட்சி வேண்டும்?

நான் எழுதினேன்: "பயணிகளில் பெரும்பாலோர் வேலை நிமித்தம் பயணம் செய்பவர்கள் அல்லர். வசூல் செயற்கையானது. உண்மையான போக்குவரத்துத் தேவை இத்தடத்தில் காணப்படவில்லை."

முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. மூன்றாவதற்கு அவை முட்டுக்கொடுத்தன. பின்பக்கம் நின்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பாஸ் பற்றி யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகை பிறப்பதற்கு முந்தின சாயங்காலம்தான் கடைசி நடை. ஊர்க்காரர்கள் வண்டியை மடக்கிவிடுவார்கள் என்று பயந்து, மேலாளர் என்னையும் கூட அனுப்பினார். அதேபோல நடந்தது. பிள்ளைகள் இறங்கி, வண்டி திரும்புவதற்குள் சாலையில் கல்லை அடுக்கிவிட்டார்கள். பெண்கள் முன் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டார். கண்டக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யாரோ வண்டியின் பக்கத் தகரத்தில் கையால் அடித்தார்கள். அந்தத் தாளம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி வண்டி முழுக்க அதிர்ந்தது.

"எறங்குறா வெளிய!" என்று ஒரு குரல். "டிக்கெட் வாங்குனாப் போதும்னவன எறக்குங்கலே!"

ஒரு கல் பின் கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டது. நான் இறங்கினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். "ஏலே, சும்மா இருங்கலே! அவுக என்ன செய்வாக?" என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆளு பத்தலையா சார்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வீட்டுக்கு ரெண்டு பேரா வந்துருப்பமே."

தகரத்தில் அடிப்பது நின்றுவிட்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு இடம்தான் கிடைத்தது. அடி விழுந்திருக்கும். விழுந்தால் விழட்டும் என்று இப்போது எழுதுவது சுலபம்.

"மேலிடத்து உத்தரவும்மா. நான் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன். கேக்கல."

அவள் தலையாட்டினாள். "கேட்டீகளா? அவுக எழுதித்தான் பாத்துருக்காக." அவளே முதலில் குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். வண்டி கிளம்பும்போது, பீடிக்காரர் ஒரு சாக்குப்பையில் பச்சைக்கடலையைப் போட்டு சன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "வீட்டுல பிள்ளைகளுக்குக் கொண்டு போங்க சார்" என்றார். சின்னமனூரில் இறங்கும்போது கண்டக்டர், "பையை மறந்துறாதீக" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மாற்றல் வந்தது. மறு வருடக் கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக உத்தமபாளையம் போய்விட்டுத் திரும்பும்போது, சின்னமனூரில் வண்டி மாற இறங்கினேன். அதே வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"சார், நல்லாருக்கீகளா? பேத்திக்கு ஊசி போட வந்தோம். மெயின் ரோடு வர நடந்து வந்து, அங்கன இருந்து ஒரு லாரியில ஏறி வந்தோம்." பிறகு பக்கத்தில் பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "இவுகதான்டீ, நம்ம பஸ்ஸுக்காக மேல வர எழுதுனவுக. கும்பிட்டுக்க" என்றாள்.

சன்னலோரத்துப் பெண்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மங்கியிருந்தது. அவள் கும்பிடவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்களையும் எழுதுனீகளா சார்?"

"எழுதினேன்" என்றேன்.

"அப்பறம் எதுக்கு நிறுத்துனாக?"

மதுரை வண்டி வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அந்த வண்டிக் கண்டக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்து, ஒரு வயசாளியை எழுப்பிவிட்டு எனக்கு சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். மரத்தடியிலிருந்து அந்தச் சின்னப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வரும் என்று நம்புகிறவளைப் போல. நான் சன்னல் பலகையை இறக்கிவிட்டேன்.